பகட்டுச் சைக்கிளும் பிரேக் கட்டையும்

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது

ஆண்டு மலருக்குக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்ட அன்றே என் வகுப்புத் தோழியர் 'காலம் பொன் போன்றது', 'நூலகத்தின் பயன்', 'தாயின் பெருமை' என்று ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். வலது கையில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அண்ணனைப் பார்த்திருந்தால் அவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வீடு அருவங்காட்டில் இருக்கிறது. பள்ளியோ குன்னூரில். தூரம் என்று பார்த்தால் நான்கைந்து கிலோமீட்டர்தான். ஆனால் குன்னூர் ரயில் நிலையத்தைவிட அருவங்காடு ரயில் நிலையம் 150 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. காலையில் இறக்கம், மாலையில் ஏற்றம். நடுவே மூடுபனி, மழை, பஸ், லாரி, சில சமயம் காட்டெருமை. சமவெளியில் இருக்கும் என் சித்தி மகள், "சைக்கிள் வாங்குவதற்குப் போய் இவ்வளவு யோசனையா?" என்று கேட்டாள். அவளுடைய ஊரில் பிரேக் பிடிக்காவிட்டால் காலை ஊன்றி நிறுத்திவிடலாம். எங்கள் ஊரில் முடியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அண்ணனுக்கு ஒரு மலைச் சைக்கிள் வாங்கினோம். அப்பா பண்டிகை முன்பணம் போட்டிருந்தார்கள். விலை பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய். கடையின் வாசலிலேயே நிறுத்தியிருந்த வண்டி அது. முன்னால் இரண்டு ஷாக் அப்சார்பர், சீட்டுக்குக் கீழே சிவப்பு ஸ்பிரிங்கோடு இன்னொன்று, இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், இருபத்தொரு கியர், உடம்பெல்லாம் மின்னல் படம். தெருப் பிள்ளைகள் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் பொறாமைப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு ஒரு நாள் காய்கறிக் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம்: பத்தொன்பது கிலோ! ஏற்றத்தில் அண்ணன் அதை ஓட்டியதைவிடத் தள்ளிக்கொண்டு வந்ததே அதிகம்.

நான்காவது மாதம் பின்சக்கரத்தின் ஆக்ஸில் வளைந்தது. கியர் தானாகவே மாறத் தொடங்கியது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். சென்ற ஆண்டு நவம்பர் மழையில் வெலிங்டன் அருகே ஒரு வளைவில் அண்ணன் பிரேக்கை அழுத்த, பிரேக் பிடி ஹேண்டில்பாரையே வந்து தொட்டது, வண்டி நிற்கவில்லை. எதிரே பஸ் வருவதைப் பார்த்துச் சாக்கடைப் பக்கம் திருப்பி விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அதோடு போயிற்று என்று அம்மா இன்றும் மாதாவுக்கு நன்றி சொல்கிறார்கள்.

இந்நிலையில்தான் எனக்கு ஒரு சைக்கிள் வேண்டும் என்று கேட்டேன். வீட்டில் எப்படிப்பட்ட பதில் வந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. "ஒரு சைக்கிள் வாங்கிப் பட்டது போதாதா? அடுத்த வருஷம் பதினோராம் வகுப்புக்குப் போனால் அரசாங்கமே இலவசமாகத் தரப் போகிறது" என்றார்கள் அப்பா. "பெண்பிள்ளைக்கு எதற்கு மலைச் சைக்கிள்?" என்றார்கள் அம்மா. இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. பதில் சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதத்தில் நான் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், அண்ணன் கை ஏன் முறிந்தது? எங்கள் ஊர்ச் சைக்கிள் கடை ஐயாவிடம் அந்த வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். அவர் பிரேக்கைக் கழற்றிக் காட்டினார். டிஸ்க் பிரேக் என்றால் வட்டத் தகட்டை இரண்டு பக்கமும் இரண்டு பிரேக் கட்டைகள் கவ்விப் பிடிக்க வேண்டும். மலிவான ஒயர் டிஸ்க் பிரேக்குகள் பலவற்றில் ஒரு பக்கத்துக் கட்டை மட்டுமே அசைகிறது. அது தகட்டைத் தள்ளி மறுபக்கத்துக் கட்டையோடு ஒட்ட வைக்கிறது. கட்டை தேயத் தேய ஒரு திருகைத் திருகி நெருக்கி வைக்க வேண்டும். மழையும் மணலும் சேர்ந்தால் கட்டை இன்னும் விரைவாகத் தேயும். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அண்ணன் வண்டியில் கட்டை தகரம்போல் தேய்ந்து கிடந்தது. "டிஸ்க் மேல குத்தமில்ல கண்ணு. பதினோராயிரத்துக்கு இவ்வளவும் வேணும்னா எதுவுமே உருப்படியா வராது" என்றார் ஐயா.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். ஒரு சைக்கிளின் விலை இவ்வளவுதான் என்று முடிவாகிவிட்டால், அதில் சேர்க்கும் ஒவ்வொரு புதிய உறுப்பும் மற்ற உறுப்புகளின் வாயிலிருந்துதான் பிடுங்கப்படுகிறது. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நல்ல புடவை எடுக்கலாம். அதே ஆயிரத்துக்கு மூன்றும் எடுக்கலாம்; முதல் துவைப்பிலேயே சாயம் போகும். மூன்று ஷாக் அப்சார்பர், இரண்டு டிஸ்க், இருபத்தொரு கியர் ஆகியவற்றை ஒரு சிறிய தொகைக்குள் அடக்க வேண்டுமென்றால் தயாரிப்பவர் எங்கே கை வைப்பார்? கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான். பேரிங்கில், ஆக்ஸிலில், பிரேக் கட்டையில், ரிம்மில். ஆகவே குறைந்த பணத்தில் மலைச் சைக்கிள் வாங்குவோர் எது எது இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதைவிட, எது எது இல்லாமல் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து.

"ஷாக் அப்சார்பர் இல்லாமல் மலைச் சைக்கிளா?" என்று அண்ணன் கேட்டான். மலைச் சைக்கிள் எங்கே பிறந்தது என்று தேடிப் பார்த்ததில் அவனுக்கு விடை கிடைத்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே டமால்பையஸ் என்றொரு மலை. 1970களில் அங்கிருந்த இளைஞர்கள் பழைய சாமான் கடைகளில் கிடந்த தடித்த டயர்ச் சைக்கிள்களைச் சீர்செய்து மலைப்பாதையில் ஓட்டினார்கள். 1976ஆம் ஆண்டு ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகில் பந்தயமே தொடங்கினார்கள். சுமார் 2 மைல் தூரத்தில் சுமார் 1,300 அடி இறக்கம்! அந்த வண்டிகளில் ஷாக் அப்சார்பர் கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் பிரேக் பிடிக்கும், அவ்வளவுதான். இறங்கி முடிப்பதற்குள் அந்தப் பிரேக் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் எல்லாம் புகையாகப் போய்விடுமாம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்', அதாவது மறுபடி அடைத்தல், என்று பெயர் வந்துவிட்டது. பாருங்கள், மலைச் சைக்கிளின் வரலாறே பிரேக் கவலையில்தான் தொடங்குகிறது!

அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் மலைப்பாதைக்கென்றே உறுதியான இரும்புக் குழாய்களால் சட்டம் கட்டினார். 1981இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற வண்டி தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. அதிலும் முன்புறம் வெறும் இரும்பு ஃபோர்க்தான். எண்ணெயும் காற்றும் கொண்ட முன்புற ஷாக் அப்சார்பர் கடைக்கு வந்ததே 1980களின் முடிவில்தான். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மலையையே கலக்கியவர்களுக்கு இல்லாத ஒன்று, பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற நமக்கு எதற்கு?

நல்ல ஷாக் அப்சார்பர் நல்லதுதான். அதை நான் மறுக்கவில்லை. பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் ஒரே துள்ளாகத் துள்ளாமல் மெதுவாக எழுவதற்கு உள்ளே எண்ணெய் வேண்டும், வால்வு வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். மலிவான வண்டியில் இருப்பது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங். பேனா ஸ்பிரிங்கை அழுத்தி விட்டால் என்ன ஆகும்? அதுதான் இங்கும். சாதாரண ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை வேறு. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் நம் பலத்தில் ஒரு பங்கைச் சாலைக்குக் கொடுக்காமல் ஸ்பிரிங்கே விழுங்கிவிடும். பின்னாலும் ஒன்று இருந்தால் கேட்கவே வேண்டாம். அதன் மூட்டுகளில் ஆட்டம் வந்தபின் பின்சக்கரம் ஒரு பக்கமாக நெளிந்துகொண்டு ஓடும். எங்கள் சைக்கிள் கடை ஐயா அந்த மாதிரி ஃபோர்க்குகளைப் பிரித்துப் பழுது பார்ப்பதே இல்லை. பழுதானால் முழுசாக மாற்ற வேண்டியதுதான். தடித்த டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தாலே குலுக்கலில் பெரும்பகுதி போய்விடும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. (எவ்வளவு காற்று என்பது டயரின் ஓரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. நான் இத்தனை நாள் அதைக் கம்பெனிப் பெயர் என்று நினைத்திருந்தேன்!)

அண்ணன் வண்டியோடு வந்த சிறு புத்தகத்தைப் பிறகு எடுத்துப் படித்தேன். கரடுமுரடான பாதையில் இதை ஓட்ட வேண்டாம் என்று அதில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. பெயரோ மலைச் சைக்கிள்!

இனிப் பிரேக்குக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் சைக்கிள் கடையில் முதலில் பிடித்துப் பார்க்க வேண்டியது பிரேக்கைத்தான். நிறத்தை வெளியே வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பழைய சைக்கிள்களில் குரோமியம் பூசிய இரும்பு ரிம் இருக்கும். கண்ணாடிபோல் பளபளக்கும். அது நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். அலுமினிய ரிம் மங்கலாகத்தான் இருக்கும்; ஆனால் மழையில் அதைவிட எவ்வளவோ நன்றாகப் பிடிக்கும். வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற எங்கள் ஊரில் இரும்பு ரிம் வண்டியை எந்தப் பெற்றோரும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று அடித்துச் சொல்வேன். கடைக்குப் போகும்போது ஒரு சிறிய காந்தத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். ரிம்மில் ஒட்டினால் இரும்பு. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

அலுமினிய ரிம் இருந்தால், சக்கரத்தின் இருபுறமும் நீண்ட இரு கைகள் நெருக்கிப் பிடிக்கும் 'வி' பிரேக் குறைந்த விலைக்கு மிகவும் ஏற்றது. ஷிமானோ கம்பெனி அதை 1996 வாக்கில் கொண்டு வந்தது. கட்டை தேய்ந்தால் வெளியிலேயே கண்ணுக்குத் தெரியும், நாமே மாற்றலாம், எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். மட்டமான டிஸ்க்கைவிட நடுத்தரமான வி பிரேக் எவ்வளவோ மேல். இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். சேறு படிந்தால் இதன் பிடிப்புக் குறையும். நாளடைவில் ரிம்மையும் தேய்க்கும். எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்யும் டிஸ்க் பிரேக் இருக்கிறதே, அது இந்தக் குறைகள் இல்லாதது. கட்டை தேய்ந்தாலும் தானே ஈடுசெய்துகொள்ளும். கையில் பணம் கூடுதலாக இருப்பவர்கள் அதை வாங்கட்டும். எங்களிடம் இல்லை.

இன்னொன்று, மாணவியர்க்கு மிகவும் முக்கியமானது. நம் கைகள் சிறியவை. பிரேக் பிடி ஹேண்டில்பாரிலிருந்து தள்ளி இருந்தால் விரல் நுனிதான் எட்டும்; நுனி விரலில் பலம் ஏது? பிடியின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திருகினால் பிடி அருகே வரும். ஒரு சைக்கிள் விளம்பரத்திலும் இதைப்பற்றி நான் பார்த்ததில்லை. கடையிலேயே முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள். பின்சக்கரம் தரையைவிட்டு எழ வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுங்கள். சக்கரம் உருளவே கூடாது. பிடி ஹேண்டில்பாரைத் தொடவும் கூடாது. பின்னால் நிற்கும் அப்பாக்களுக்கு ஒரு விண்ணப்பம்: நீங்கள் உங்கள் பெரிய கையால் பிடித்துப் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். பிள்ளையே பிடித்துப் பார்க்கட்டும்.

கியர் விஷயத்தில் எனக்கு உதவி செய்தவர் எங்கள் கணித ஆசிரியையான அருட்சகோதரி. விகிதம் நடத்திக்கொண்டிருந்தபோது, "சிஸ்டர், சைக்கிள் கியரும் விகிதம்தானே?" என்று கேட்டேன். "கணக்குப் போட்டுக்கொண்டு வா" என்றார்கள். அண்ணன் வண்டியின் பற்களை எண்ணினேன். முன்னால் மூன்று பல்சக்கரம்: 24, 34, 42. பின்னால் ஏழு: 14, 16, 18, 20, 22, 24, 28. மூன்றை ஏழால் பெருக்கினால் இருபத்தொன்று. ஆனால் விகிதத்தைப் பாருங்கள். 24ஐ 16ஆல் வகுத்தால் 1.5. நாற்பத்திரண்டை 28ஆல் வகுத்தாலும் அதே 1.5. 34ஐ 22ஆல் வகுத்தால் 1.55. மூன்று கியர், ஒரே வேலை! இன்னோர் இடத்தில் 1.70, 1.71, 1.75 என்று மூன்று. இப்படி ஒத்தவற்றை அடித்துவிட்டால் இருபத்தொன்றில் மிஞ்சுவது பதினான்குதான். அதிலும் செயின் மிகவும் சாய்ந்து ஓடும் கியர்களைப் பயன்படுத்தக் கூடாது. சிஸ்டர் அந்தக் கணக்கை வகுப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள். அன்று சிரித்த தோழியர் சிலர் அன்று எழுதிக்கொண்டார்கள்.

ஆகவே எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். மிக இலேசான கியர் எது என்று கேளுங்கள். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகர்கிறது என்பதே கணக்கு. 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள கியர் இல்லாத வண்டி ஒரு சுற்றுக்கு 5 மீட்டர் போகும். முன்னால் 32, பின்னால் பெரிதாக 34 என்று இருந்தால் 2 மீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே போகும். வேகம் குறைவு, ஆனால் காலுக்கு வேண்டிய பலமும் பாதிக்கும் குறைவு. அருவங்காட்டு ஏற்றத்தில் இந்த வேறுபாடுதான் ஓட்டிப் போவதா தள்ளிப் போவதா என்பதைத் தீர்மானிக்கிறது. முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு என்றிருந்தால் நமக்குத் தாராளம். ஒரு கியர் மாற்றியும் ஓர் ஒயரும் குறைகின்றன; கெட்டுப்போகச் சாமானும் குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடைகளில் 'ஷிமானோ கியர்' என்று பெரிதாக ஒட்டியிருப்பார்கள். ஷிமானோ 1921இல் ஜப்பானில் தொடங்கிய பழைய கம்பெனி; நல்ல கம்பெனி. ஆனால் அதிலும் படிகள் உண்டு. மலைச் சைக்கிள் வரிசையில் டூர்னி என்பது முதற்படி. பிறகு ஆல்டஸ், ஏசெரா, அலிவியோ, டியோர் என்று ஏறிக்கொண்டே போகும். நம் பணத்துக்கு டூர்னிதான் வரும், அதுவே போதும். ஆனால் பின்னால் தொங்கும் கியர் மாற்றி மட்டும் ஷிமானோவாக இருந்து, ஹப்பும் பிரேக்கும் பெடல் கட்டையும் பெயரே இல்லாதவையாக இருக்கும் வண்டிகளே அதிகம். ஒரு ஸ்டிக்கரைப் பார்த்து முழு வண்டியையும் நம்புவது, சட்டைப் பையில் பேனா இருப்பதைப் பார்த்து ஒருவரைப் படித்தவர் என்று முடிவு செய்வதைப் போன்றது.

அண்ணனுடைய ஆக்ஸில் வளைந்ததற்கும் காரணம் தெரிந்துகொண்டேன். மலிவு வண்டிகளில் பின் பல்சக்கரக் கூட்டம் முழுவதும் 'பிரீவீல்' என்று ஹப்பின் மேல் திருகி வைக்கப்படுகிறது. அதனால் வலப்பக்கப் பேரிங் உட்புறமாகத் தள்ளிப் போய்விடுகிறது. ஆக்ஸிலின் ஒரு நீளம் தாங்குவாரின்றி அந்தரத்தில் நிற்கிறது. பாரம் ஏறிக் குதிக்கும்போது அங்கேதான் வளையும். கேசட் என்ற வேறு வகையில் பேரிங் வெளி ஓரத்துக்கு அருகே வந்துவிடும். அது உறுதியானது, விலையும் கூடியது. என் எடை நாற்பத்திரண்டு கிலோ. நான் படிக்கட்டில் வண்டியைக் குதிக்க வைக்கப் போவதும் இல்லை. ஆகவே பிரீவீலே போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அண்ணன்மார்களுக்கு வாங்குவோர் யோசிக்க வேண்டும். ரிம் இரட்டைச் சுவர் உள்ளதா, 36 கம்பிகள் உள்ளனவா, சுழற்றிவிட்டால் கோட்டம் இல்லாமல் ஓடுகிறதா என்பவற்றைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சீட், பெடல், கைப்பிடி உறை, டயர் இவற்றுக்காக ஒரு வண்டியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இவையெல்லாம் பிறகு சிறுகச் சிறுக மாற்றக்கூடியவை. மாற்ற முடியாதது சட்டம். அதன் அளவு தவறினால் தவறியதுதான். "வளர்கிற பிள்ளை, பெரிதாகவே வாங்கு" என்று பாவாடை வாங்குவதுபோல் சைக்கிள் வாங்குகிறோம். பாவாடையை மடித்துத் தைக்கலாம்; சைக்கிளை மடித்துத் தைக்க முடியுமா? குறுக்குக் கம்பியின் மேல் இரு கால்களையும் ஊன்றி நின்றால் இடையில் இரண்டு மூன்று அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்தால் ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க முதுகை நீட்டி வளைக்கக் கூடாது. பெட்டியில் வந்ததை வீட்டிலேயே பூட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழானது. வலது பெடலைப்போலத் திருகினால் மரை அழிந்துவிடும். முன் ஃபோர்க்கைப் பின்பக்கம் பார்த்தபடி பூட்டிய வண்டியையும் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

குறுக்குக் கம்பி என்றதும் அம்மாவின் கேள்வி நினைவுக்கு வருகிறது. பெண்பிள்ளைக்கு என்றால் கூடை வைத்த, இளஞ்சிவப்பு நிறச் சைக்கிள்தான் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. கூடை எனக்கும் பிடிக்கும். ஆனால் கடைகளில் நான் பார்த்த அத்தகைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் கியர் இல்லை. மேடு என்பது பெண்களுக்கு மட்டும் தாழ்ந்து கொடுக்குமா? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பலர் குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். குழந்தையை உட்கார வைக்க அந்தக் கம்பி வசதியாக இருக்கிறது என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம்! இதைப் படித்துக் காட்டியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ரீபேக் பந்தயத்தில் ஆண்களோடு சேர்ந்து இறங்கிய வெண்டி கிராக் என்ற பெண்மணியின் படத்தையும் காட்டினேன். அந்தக் காலத்து மலைச் சைக்கிள் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவரும் அவரே. "இந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லையா?" என்று மட்டும் கேட்டார்கள்.

அரசு தரும் விலையில்லாச் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. அந்தச் சைக்கிளால் படிப்பைத் தொடர்ந்தவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அது கியர் இல்லாத வண்டி. சமவெளிப் பிள்ளைக்கு அது கால்; மலைப் பிள்ளைக்கு அது தள்ளுவண்டி. அப்பாவிடம் இந்த வாதத்தை வைத்தபோது என் கியர்க் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். ஐந்து மீட்டர், இரண்டு மீட்டர் என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்கள். மறுவாரம், "பத்தாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது" என்றார்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பொங்கல் விடுமுறையில் கோயம்புத்தூர் போய் வாங்கினோம். கடைக்காரர் முதலில் மின்னல் படம் போட்ட வண்டியைத்தான் இழுத்து வந்தார். அண்ணனே, "அது வேண்டாங்க" என்று சொல்லிவிட்டான். மூலையில் தூசி படிந்து நின்ற சாம்பல் நிற வண்டியைக் கேட்டேன். இரும்பு ஃபோர்க், அலுமினிய ரிம், வி பிரேக், முன்னால் ஒன்று பின்னால் ஏழு. "இது யாரும் கேட்பதில்லையே" என்றார் கடைக்காரர். ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய். மீதி இருநூறில் ஒரு ஜோடி பிரேக் கட்டை கூடுதலாக வாங்கி வைத்தோம். சீட் கல்லாக இருக்கிறது. அம்மா பழைய கம்பளியில் உறை தைத்துத் தந்திருக்கிறார்கள். மாதம் ஒரு முறை ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் அண்ணன் திருகாணியை எடுத்துக்கொண்டு பிரேக்கைப் பார்க்கிறான். யாரும் சொல்லாமலே பார்க்கிறான்.

முதல் நாள் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் சரிவில் அம்மா வந்து நின்றார்கள். சாலையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு முன் நிறுத்திக் காட்டச் சொன்னார்கள். நிறுத்தினேன். ஒரு குடம் தண்ணீரை ரிம்மில் ஊற்றி மறுபடி வரச் சொன்னார்கள். அப்போதும் நிறுத்தினேன். மூன்றாம் முறையும் கேட்டார்கள். பிறகு காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சாயங்காலம் வரும்போது மார்க்கெட்டில் அரைக் கிலோ பீன்ஸ் வாங்கி வா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள்.